கணக்குக் காட்டாதவன் கடல் கடந்தால்...



உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலே, ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னர் வெட்டப்பட்ட எழுத்துகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் சம்வத்சர வாரியத்துக்கும் ஆள் அமர்த்திய முறையை அவை கூறுகின்றன. 2020 டிசம்பரில் டில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலே உத்திரமேரூரின் பெயர் முழங்கிற்று. கேட்டுப் பூரித்தோம்.

பூரித்தது போதும், அந்தச் சுவரைச் சற்றுக் கூர்ந்து படிப்போம். அது எல்லார்க்கும் இடம் தந்த சபை அன்று. வேதம் கற்ற அந்தணருடைய சபை; நிலமுடையவர் சபை; ஆடவர் சபை. உழுதவனுக்கும் வண்ணாத்திக்கும் பறையனுக்கும் அங்கே ஓலை எழுதப்படவில்லை. அந்தக் குறையை மறைத்து அதனை மக்களாட்சியின் தொட்டில் என்று கொண்டாடுவது நமது வேலையன்று. ஆயினும் அந்தச் சபை தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஒரு விதி இருக்கிறதே, அது இன்றைய ஆளவந்தார்கள் வெட்கித் தலைகுனிய வேண்டிய விதி! வாரியத்தில் அமர்ந்து பொதுப்பொருளைக் கையாண்டுவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மீண்டும் அமரலாகாது. அவன் மட்டுமன்று, அவனுடைய சிற்றன்னை மக்கள், பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று உறவு முறையை வரிசையாக அடுக்கி, அவர்கள் பெயரும் குடத்திலே விழலாகாது என்று தடுத்தது. பிறர் பொருள் கவர்ந்தவனுக்கும் அதே தடை.

உறவினரையும் சேர்த்துத் தண்டிப்பது இக்கால நீதிக்கு ஒவ்வாது. அதை நாம் கேட்கவில்லை. கணக்குக் காட்டாதவன் ஊர்ச் சபையில் உட்காரலாகாது என்ற அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறோம்.

இப்போது கேளுங்கள். 2016 மார்ச் 2-ஆம் நாள் விசய் மல்லையா இந்தியாவை விட்டு லண்டன் சென்றபோது, அவர் யார்? கிங்பிஷர் விமான நிறுவனத்துக்காக வாங்கிய கடனில் வங்கிகளுக்கு ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய் திரும்ப வேண்டியிருந்த தொழிலதிபர் என்பீர்கள். அதுமட்டுமா? அன்று அவர் மாநிலங்களவை உறுப்பினர்! நாட்டுக்குச் சட்டம் இயற்றும் அவையிலே இருக்கை பெற்றிருந்தவர்! பத்தாம் நூற்றாண்டின் ஒரு கிராமத்துச் சபை அனுமதிக்காததை இருபத்தொன்றாம் நூற்றாண்டின் குடியரசு அனுமதித்தது. 2016 மே மாதத்தில்தான், பதவியைப் பறிக்கும் நடவடிக்கை நெருங்கிய வேளையில், அவராகவே விலகினார்.

அவர் மீதான குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று நாம் கூறவில்லை. அதனை மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ வேண்டிய இடம் இந்திய நீதிமன்றம். அந்த நீதிமன்றத்தின் முன் அவர் நிற்கவில்லையே, ஏன் நிற்கவில்லை, யார் நிற்கவைக்கவில்லை என்பதே வினா.

பிணைத்த சங்கிலி

இந்த வினாவுக்கு விடை தேட, சற்றே பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1881-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தப்பியோடிய குற்றவாளிகள் சட்டம் என்றொரு சட்டம் இயற்றிற்று. சூரியன் மறையாத சாம்ராச்சியம் என்று செருக்கோடு சொல்லிக்கொண்டார்களல்லவா, அந்தச் சாம்ராச்சியத்தின் ஒரு மூலையில் குற்றம் சாட்டப்பட்டவன் மற்றொரு மூலைக்கு ஓடினால், அவனைப் பிடித்து அனுப்புவதற்கான சட்டம். அதிலே இரு தட்டுகள். தொலைவிலுள்ள பகுதிகளுக்கு அனுப்புவதாயின், குற்றம் செய்திருக்கக்கூடும் என்று நம்புதற்குரிய சான்றினை மாஜிஸ்திரேட் முன் காட்டவேண்டும். ஒன்றாகத் தொகுக்கப்பட்ட அண்டைப் பகுதிகளாயின் அதுவும் வேண்டாம். பிடிவாரண்டு மெய்யானதுதானா என்று பார்த்து ஆளை அனுப்பிவிடலாம். நாடுகளுக்கிடையே நடப்பதுபோன்ற ஒப்பந்தம் இல்லை, வாதம் இல்லை. பண்ணையார் ஒருவரே, ஒரு வயலிலிருந்து ஓடியவனை மற்றொரு வயலில் பிடிப்பதற்குப் பண்ணையாருக்கு ஒப்பந்தம் எதற்கு?

அந்தச் சட்டம் திருடர்களை மட்டுமா பிடித்தது? 1910 மார்ச்சில் லண்டனில் சாவர்க்கர் கைது செய்யப்பட்டு, இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டது இதே சட்டத்தின்படிதான். அவருடைய பிற்காலக் கொள்கை பற்றி இங்கே பேச்சில்லை. சட்டத்தின் போக்கைப் பற்றியே பேச்சு. சூலைத் திங்களில் மார்சேல்ஸ் துறைமுகத்தில் அவர் கப்பலிலிருந்து குதித்து நீந்திக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலர் பிடித்து மீண்டும் பிரிட்டிஷாரிடமே தந்தனர். எங்கள் மண்ணை மிதித்தவரை எப்படிக் கொண்டுசெல்லலாம் என்று பிரான்சு வழக்காடியது. 1911 பிப்ரவரியில் ஹேக் நடுவர் மன்றம், திருப்பித் தரவேண்டிய கடமை பிரிட்டனுக்கு இல்லை என்று தீர்த்தது. அவருடைய தோழரான வரகனேரி வ. வே. சு. ஐயரோ பிரிட்டிஷ் காவலர் கண்ணில் மண்ணைத் தூவி, அதே 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியாரும் 1908 முதல் அங்கேதான் இருந்தார். சென்னையிலிருந்து ஒரு நாள் வழி. ஆயினும் பிரெஞ்சுக் கொடி பறந்த மண். 1881-ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே நீண்டது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே நீளவில்லை!

ஆகவே தோழர்களே, ஓடியவனெல்லாம் கள்வன் என்று எண்ணிவிடாதீர்கள். ஒப்படைப்புச் சட்டம் என்பது இருபுறமும் கூருள்ள கத்தி. ஊரான் பொருளை விழுங்கி ஓடியவனையும் அது அறுக்கும். ஊராருக்காகப் பேசி ஓடியவனையும் அறுக்கும்.

சென்னையில் அறுந்தது

அந்தச் சங்கிலி எங்கே அறுந்தது தெரியுமா? நம் சென்னையில்!

1952-இல் சிங்கப்பூரில் வழக்குரைஞராக இருந்த சி. ஜி. மேனன் என்பாரும் அவருடைய துணைவியாரும் இந்தியா வந்திருந்தனர். நம்பிக்கை மோசடி செய்தார் என்று சிங்கப்பூர்க் காலனி அரசு குற்றம் சாட்டி, அவர்களைப் பிடித்து அனுப்புமாறு கேட்டது. எழும்பூர் மாஜிஸ்திரேட் முன்னர் நிறுத்தப்பட்டனர். நாடு விடுதலை பெற்று ஐந்தாண்டு; குடியரசாகி ஈராண்டு. ஆயினும் கையிலெடுத்த சட்டம் எது? அதே 1881!

வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. சான்று ஏதும் காட்டாமலே ஒருவனை அனுப்பலாம் என்று கூறும் இச்சட்டம், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற அரசமைப்பின் 14-ஆம் பிரிவுக்கு முரண் என்றது அந்த மன்றம். மாநில அரசு விடவில்லை, உச்சநீதிமன்றம் ஏறிற்று. 1954-இல் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி மகாசன் அமர்ந்த மன்றம் அதைவிட நேரான காரணம் ஒன்றைக் கூறிற்று. அந்தச் சட்டம் பிரிட்டிஷ் உடைமைகளுக்கான சட்டம். இந்தியா இனிப் பிரிட்டிஷ் உடைமை அன்று. ஆகவே அது இங்கே செல்லாது.

எவ்வளவு எளிய வாக்கியம்! எவ்வளவு பெரிய உண்மை! கொடி மாறிற்று, கோட்டையில் ஆள் மாறினார், ஆனால் பெட்டியில் கிடந்த சட்டங்கள் மாறாதிருந்த அந்நாளில், எழும்பூரில் தொடங்கிய ஒரு வழக்கு, இது நம் வீடு என்று உரக்கச் சொல்லிற்று.

அந்தத் தீர்ப்பால் ஓர் இடைவெளி ஏற்பட்டது. அதனை நிரப்பவே 1962-இல் ஒப்படைப்புச் சட்டம் பிறந்தது. 1963 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. காமன்வெல்த் நாடுகளை ஒரு பந்தியிலும் ஏனைய நாடுகளை மற்றொரு பந்தியிலும் அது அமர்த்தியது. பழைய உறவின் வாசனை! 1993-இல் திருத்திய பிறகே அந்தப் பந்தி வேற்றுமை பெரும்பாலும் நீங்கிற்று. பிரிட்டனோடு தனி ஒப்பந்தம் 1992 செப்டம்பரில் கையெழுத்தாகி, 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம்மிடமிருந்து ஆள் கேட்கும் நாடு மைய அரசைக் கேட்கவேண்டும். மாஜிஸ்திரேட் சான்றுகளை விசாரிக்கவேண்டும். அரசியல் குற்றமாயின் ஒப்படைக்கலாகாது. எந்தக் குற்றத்துக்காகக் கேட்டார்களோ அதற்காக மட்டுமே விசாரிக்கவேண்டும். இவை அடிப்படை விதிகள். நல்ல விதிகள்.

இந்த விதிகள் வேண்டுமா என்று ஐயுறுவோர் நம் நாட்டு அண்மை வரலாற்றையே எண்ணிப் பார்க்கலாம். 1982 மே மாதம் சென்னைப் பாண்டி பசாரில் துப்பாக்கிச் சூடு நிகழ்த்திப் பிடிபட்ட பிரபாகரனைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு இலங்கை அரசு கேட்டது, தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பிற்று, ஒப்படைக்கப்படவில்லை. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராசீவ் காந்தி கொல்லப்பட்டார். 1995-இல் அதே பிரபாகரனைத் தரும்படி இலங்கையிடம் இந்தியா கேட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் கேட்டவர் யார், கேட்கப்பட்டவர் யார் என்பது தலைகீழாயிற்று! காலத்தின் உணர்ச்சிக்கேற்ப ஒப்படைப்பது, உணர்ச்சிக்கேற்ப மறுப்பது என்றால், அது நீதியாகாது. இன்று நமக்கு வாய்ப்பாயிருக்கும் மறுப்பு நாளை நமக்கெதிராய் நிற்கும். ஆகவேதான் விதி வேண்டும்; அந்த விதியை நீதிமன்றம் நடத்தவேண்டும்.

கதவு திறந்திருந்தது யாரால்?

மீண்டும் லண்டனுக்கு வருவோம். மல்லையா 2017 ஏப்ரலில் அங்கே கைதாகி, உடனே பிணையில் விடப்பட்டார். 2018 டிசம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அனுப்பலாம் என்றது. 2019 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ஒப்பமிட்டார். 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. மே மாதம் உச்சநீதிமன்றம் செல்லும் அனுமதியும் மறுக்கப்பட்டது. கதவுகள் எல்லாம் அடைபட்டன என்று எண்ணினோம். அதன் பிறகும் ஐந்தாண்டுகள் உருண்டோடின. அவர் வந்து சேர்ந்தாரில்லை! நீரவ் மோடியின் கதையும் அதுவே. பஞ்சாப் தேசிய வங்கியில் 13,000 கோடிக்கு மேற்பட்ட மோசடி 2018 பிப்ரவரியில் ஊரறிய வெடிக்குமுன், சனவரியிலேயே அவர் நாட்டைக் கடந்துவிட்டார். 2019 மார்ச்சில் லண்டனில் பிடிபட்டார். 2022 நவம்பரில் அவருடைய மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. 2025-லும் அங்குள்ள சிறையிலேதான் இருந்தார்.

வெள்ளைக்காரன் நம்மை மதிக்கவில்லை என்று கொதிப்போர் உண்டு. கொதிப்பதற்கு முன் வீட்டுக் கதவைப் பாருங்கள். மல்லையா வெளியேறினால் தடுத்து நிறுத்துக என்று விமான நிலையங்களுக்கு மத்தியப் புலனாய்வுத் துறை 2015 அக்டோபரில் அறிவிப்பு அனுப்பியிருந்தது. அடுத்த மாதமே அது, தடுக்கவேண்டாம், தகவல் மட்டும் தருக என்று மாற்றப்பட்டது. மாற்றியது கணிப்புப் பிழை என்று அத்துறையே பின்னர் கூறிற்று. பிழைதான்! மடையைத் திறந்துவிட்டு, ஏரி வற்றிற்றே என்று புலம்பும் பிழை!

உத்திரமேரூர் வட்டத்து உழவன் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டால் சிட்டா கொண்டுவா என்கிறார்கள், அடங்கல் கொண்டுவா என்கிறார்கள். மனைவியின் தாலிக்கொடியை நிறுத்துப் பார்த்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு பணம் தருகிறார்கள். தவணை தப்பினால் கடிதம் வருகிறது. பிறகு ஏல அறிவிப்பு வருகிறது. அவன் எங்கே ஓடுவான்? ஏரிக்கரைக்கு அப்பால் அவனுக்கு ஊரேது? பத்துச் சவரனுக்குப் பூட்டிருக்கும் நாட்டில், ஒன்பதாயிரம் கோடிக்குப் பூட்டில்லை!

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்போம். மல்லையாவின் சொத்துகளை விற்று 14,131 கோடி ரூபாய் வங்கிகளுக்குத் திரும்ப அளிக்கப்பட்டது என்று 2024 டிசம்பரில் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் கூறினார். கடனுக்கு மேலாகவே வாங்கிக்கொண்டீர்களே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறார் மல்லையா. வட்டிக் கணக்கை வங்கிகள் சொல்லட்டும். ஆனால் பணம் திரும்பிவிட்டதால் வழக்கு முடிந்துவிடுமா? களவுபோன ஆடு கிடைத்துவிட்டால் களவு நடக்கவேயில்லை என்றாகிவிடாது. பணத்தைப் பெறுவது வங்கியின் உரிமை. உண்மையை அறிவது மக்களின் உரிமை. அந்த உண்மை நிரபராதி என்று அவரை விடுவிக்குமாயின், அதனையும் நம் நீதிமன்றமே கூறட்டும்.

ஏழையின் முதுகில் விழுந்த அடி

எல்லாவற்றினும் முதன்மையானதும், நம் மேடைகளில் யாரும் பேசாததுமான ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன்.

2025 பிப்ரவரி 28-இல் லண்டன் உயர்நீதிமன்றம் மற்றொரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயுத பேரத் தரகரான சஞ்சய் பண்டாரி என்பாரை வரி மோசடி, கறுப்புப் பண வழக்குகளுக்காக இந்தியா கேட்டிருந்தது. அனுப்பமாட்டோம் என்றது அந்த மன்றம். முதன்மையான காரணம் என்ன? திகார் சிறையில் மற்றக் கைதிகளாலோ சிறை ஊழியர்களாலோ அவர் மிரட்டப்படவும், அடிபடவும், பணம் பறிக்கப்படவும் மெய்யான அபாயம் உண்டு என்பது!

இதைப் படிக்கையில் சினம் எழுகிறது. நம் நாட்டை இழிவுபடுத்துகிறார்கள் என்று நாக்குத் துடிக்கிறது. ஆனால், தோழர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: அவர்கள் சொன்னது பொய்யா? 2020 சூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்று காவல்நிலையம் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் என்னவானார்கள்? 2025 சூனில் திருப்புவனம் பகுதியில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி ஏன் உயிரோடு வீடு திரும்பவில்லை? சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது, உறுதிசெய்து ஏற்கவில்லை. 2010-இல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் செத்தது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையில், உடன்படிக்கையை ஏற்றுச் சட்டம் செய்க என்று பரிந்துரைத்தது. அந்த அறிக்கையும் அடுக்கிலே உறங்குகிறது.

இங்கே ஒரு கொடிய விந்தையைக் காணுங்கள். காவல்நிலையத்திலே அடிபடுகிறவன் ஏழை. அந்த அடியைச் சான்றாகக் காட்டி, கடல் கடந்த நாட்டிலே விடுதலை பெறுகிறவன் பணக்காரன்! கூலிக்காரன் முதுகில் விழுந்த தழும்பு கோடீசுவரனுக்குக் கேடயமாகிறது. அந்தக் கேடயத்தை அவன் கையில் கொடுத்தது லண்டன் நீதிபதி அல்லர். அந்தப் பிரம்பை ஒடிக்க மறுத்த நம் ஆட்சி!

மல்லையா வழக்கிலே என்ன செய்தார்கள்? மும்பை ஆர்தர் சாலைச் சிறையில் அவருக்கென ஓர் அறையை ஆயத்தம் செய்து, காற்றும் வெளிச்சமும் வருகிறது பாருங்கள் என்று படம் பிடித்து லண்டன் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஒருவருக்காக ஓர் அறை! அதே சிறையிலே நெரிசலில் படுத்திருக்கும் விசாரணைக் கைதிகளுக்குக் காற்று வேண்டாமா? வெளிச்சம் வேண்டாமா? எல்லா அறைக்கும் படமெடுத்து அனுப்பத் துணிவுள்ள நாடாக நாம் இருந்திருந்தால், எந்த நாட்டு நீதிமன்றமும் நம் வேண்டுகோளைத் தட்டிக்கழிக்க முடியாதே!

நாம் கேட்பது

ஆகவே, பிடித்து வா, இழுத்து வா என்ற கூச்சலோடு நம் கடமை முடிந்துவிடாது. நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டாதவன் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அமரலாகாது. எந்தக் கட்சியினனாயினும் சரி. நம் கட்சியினனாயினும் சரி.

இரண்டு: பெருங்கடனாளி நாட்டை விட்டுச் செல்லும்போது தடுக்கும் ஆணையை மாற்றுகிற அதிகாரி, காரணத்தை எழுதிக் கையெழுத்திடவேண்டும். அந்தக் காரணம் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும். 2018-இல் தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளிகள் சட்டம் வந்தது. சொத்தைப் பறிமுதல் செய்ய வழி கண்டது. நன்று. ஆனால் ஆள் ஓடிய பிறகு வீட்டைப் பூட்டுகிற சட்டம் அது. ஓடுமுன் தடுக்கிற ஒழுங்கு வேண்டும்.

மூன்று: சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றுச் சட்டம் இயற்றவேண்டும். சிறையிலும் காவல்நிலையத்திலும் ஏழையின் உடலுக்குக் காப்பளித்தால்தான், பணக்காரனை நீதியின் முன் நிறுத்த முடியும். ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை.

நான்கு: பிற நாடு நம்மிடம் ஆள் கேட்கும்போதும், 1954-இல் அறுத்தெறிந்த அந்தப் பழைய சங்கிலி வேறு பெயரில் மீண்டும் வராதபடி விழிப்போடிருக்க வேண்டும். சான்று காட்டாமல் ஒருவரையும் அனுப்பலாகாது. கருத்துக்காக ஒருவரையும் அனுப்பலாகாது.

இந்த நான்கையும் சிற்றூர்ப் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் எடுத்துச் சொல்லுங்கள். இவையெல்லாம் லண்டன் வழக்கு, டில்லி வழக்கு, நமக்கென்ன என்று கேட்கும் உழவனிடம், வங்கியில் இருந்தது உன் சேமிப்பு, காவல்நிலையத்தில் அடிபடுவது உன் மகன் என்று சொல்லுங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர் எவராயினும், கையிலுள்ள கணக்கை முதலில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவர் நாளைக்குக் கப்பலேறப்போகிறவர் என்பதை இன்றே அறிந்துகொள்ளுங்கள்.